குரங்குப் படிவம்

வளர்ந்த ஆண் குரங்கைத் துணையில்லாமல் தனிக்கூண்டில் அடைத்தால் ஆய்வகத்தில் மாதாமாதம் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். குரங்கின் மனசு நோகக் கூடாதாம். எழுதுபவன் வேதமுத்து. அவன் இருப்பது நிறுவனம் கொடுத்த ஒற்றை அறையில். மனைவி பியூலாவுக்கு அதே நிறுவனத்தின் கிளையில், தொலைவில் ஒரு தீவில் வேலை. ஆறு வருடமாக அவளுக்கு இங்கே இடமாற்றம் கேட்டு அலுத்தவன், ஒருநாள் குரங்குப் படிவத்திலேயே தன் பெயரை எழுதி நீட்டினான்.

மறுநாளே மேலாளர் சந்திரிகா கூப்பிட்டார்.

"இதுலயே முன்னாடி கேட்டிருக்கலாம்ல? உடனே சாங்ஷன் ஆயிடுச்சு."

வேதமுத்து நாற்காலி நுனிக்கு வந்தான். "பியூலா எப்ப வர்றா மேடம்?"

"துணை குடுக்க முடியாத கூண்டுக்கு விதிப்படி கண்ணாடிதான். உங்க ரூம்ல மாட்டியாச்சு. குரங்கு உசரத்துக்குத்தான் மாட்டுவாங்க, கொஞ்சம் குனிஞ்சு பாத்துக்குங்க."