எஸ்தோனியாவை அறிவோம்

"எஸ்தோனியாவுக்கோ? உண்மையாவோ தங்கச்சி?"

யோகராஜா கதிரையை விட்டே எழுந்துவிட்டார். லண்டன் வெம்பிளியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் பயண முகவர் நிலையம் நடத்துகிறவர். நான்கு வருடமாக ரொறன்ரோ கேட்டு வந்திருக்கிறார்கள், பாரிஸ் கேட்டு வந்திருக்கிறார்கள், லூர்து மாதா கோயில் கேட்டும் வந்திருக்கிறார்கள். வாய் திறந்து எஸ்தோனியா என்று கேட்ட முதல் ஆள், இப்போது எதிரே கறுப்புக் கோட்டோடு நிற்கும் மரியமலர்தான்.

அந்த நாடு யோகராஜாவுக்கு ஒரு பைத்தியம். முன்பு தொழிற்சாலையில் பத்து வருடம் ஆர்வோ என்ற எஸ்தோனியக் கிழவரோடு ஒரே ஷிப்டில் நின்றவர். நாற்பத்துநாலாம் ஆண்டில் சோவியத் படை வந்தபோது வள்ளத்தில் தப்பி வந்த மனிதர் அந்த ஆர்வோ. வாய் ஓயாமல் ஊர்க்கதை சொல்லிச் சொல்லி யோகராஜாவின் தலையிலும் அதை ஏற்றிவிட்டார். தொண்ணூற்றொன்றில் நாடு விடுதலையானதும் யோகராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்துத் தமிழரையாவது கூட்டிக்கொண்டு சுற்றுலா போய் வருவேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். 'எஸ்தோனியாவை அறிவோம்' என்று இரண்டு பக்க நோட்டீஸ் அடித்துத் தமிழ்க் கடையெல்லாம் வைத்தார். கடைக்காரர்கள் அதில் கருவேப்பிலை சுற்றிக் கொடுத்தார்கள். 'எஸ்தோனியா யோகம்' என்று பட்டப்பெயரும் விழுந்தது. வருகிற ஆடிக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் வெம்பிளியில் தலை காட்ட முடியாது.

"இருங்கோ தங்கச்சி, இருங்கோ. வேறை ஆர் வருவினம்? உங்கட அவர்?"

"நான் மட்டும்தான். தம்பி அங்கை இருக்கிறான்."

"தலைநகர் தாலினிலையோ? பிறகென்ன! இடம் காட்ட ஆளும் இருக்கு!" யோகராஜா கொப்பியைத் திறந்து முதலாவது இடத்தில் மரியமலரின் பெயரை எழுதினார். இந்த ஒரு பெயரைக் காட்டியே மற்ற ஒன்பதையும் பிடித்துவிடலாம் என்று நம்பிக்கை வந்துவிட்டது.

"நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ அண்ணை?"

"போகாமலோ எழுதினனான்?" என்றார் யோகராஜா. பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கு அப்பால் அவர் கால் வைத்ததில்லை. வந்த முதல் ஆளிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்ன?

"சாப்பாடு எப்பிடி?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "கறுப்புப் பாண்! அதுதான் அவையின்ரை சோறு. கை தவறி ஒரு துண்டு கீழை விழுந்தால், காலடியிலை விடமாட்டினம்..."

"எடுத்துக் கொஞ்சிப்போட்டுத்தான் மேசையிலை வைப்பினம்" என்று மரியமலர் முடித்தாள்.

"அட! நத்தார் பண்டிகைக்கு என்ன செய்வினம், சொல்லும் பாப்பம்?"

"இரத்தமும் பார்லியும் போட்டுக் குடலிலை அடைச்சு வாட்டுவினம்."

"என்ரை நோட்டீசைப் பாடமாக்கி வைச்சிருக்கிறீர் பிள்ளை!" யோகராஜாவுக்குக் கண் கலங்கிப்போயிற்று. கருவேப்பிலை சுற்றிய காகிதத்தையும் ஒரு மனுஷி வரி வரியாக வாசித்திருக்கிறாளே! "சின்னச் சனம், தங்கச்சி. எங்களைப்போலை சின்னச் சனம். லட்சக்கணக்கிலை கூடி நிண்டு பாட்டுப் பாடி நாட்டை எடுத்ததுகள்."

"பாட்டுப் பாடியோ?"

"ஓம். எங்களுக்குத்தான் பாட்டும் சரிவரேல்லை, துவக்குத் தூக்கினதும் சரிவரேல்லை."

மரியமலர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அங்கை சவக்காலையள் எப்பிடி அண்ணை?" என்றாள்.

சுற்றுலா போகிறவள் கேட்கிற கேள்வியா இது? யோகராஜாவுக்குச் சப்பென்று போயிற்று. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரருக்கு அப்படியொரு ஆர்வம் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

"காட்டுக்குள்ளை, பைன் மரங்களுக்கு நடுவிலை வைச்சிருப்பினம். நத்தார் இரவு ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுதிரி எரியும். வடிவாய் இருக்கும். உங்களுக்கு அதையும் காட்டுறன்."

"ஒரு கல்லறையும் தனிச்சுக் கிடக்காதெண்டு சொல்லுங்கோ."

"சீச்சீ, தனிச்சுக் கிடக்கிறதோ! சரி, நோட்டீசைப் பற்றி என்ன நினைக்கிறியள்? மறுபடி ஐந்நூறு அடிக்கப் போறன்."

"ஒரு வரி திருத்த வேணும் அண்ணை."

யோகராஜா உற்சாகமாகப் பேனையைத் திறந்தார். வாசகர் கடிதம் வந்த எழுத்தாளரின் சந்தோஷம் முகத்தில் இருந்தது.

மரியமலர் கைப்பையிலிருந்து நோட்டீசை எடுத்தாள். நனைந்து காய்ந்து மொரமொரத்துப்போன தாள். எழுத்தெல்லாம் ஊறியிருந்தது. மேலே இணைத்திருந்த துண்டில் ஏதோ வேற்று மொழியில் பொலிஸ் முத்திரை குத்தியிருந்தது. பார்க்காமலே இரண்டாம் பக்க வரியைச் சொன்னாள்.

"'பனிக்காலத்தில் கடலே உறைந்து தெருவாகிவிடும். தீவுகளுக்கு அதன் மேலாலேயே போகலாம்.'"

"அதிலை என்ன பிழை? உண்மைதானே! ஆர்வோ சின்ன வயசிலை குதிரை வண்டியிலை..." சொல்லிக்கொண்டு வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சுவீடனுக்குக் கூட்டிக்கொண்டு போறனெண்ட ஏஜென்ட் தம்பியைத் தாலினிலை விட்டிட்டு ஓடிட்டான். முன்னுக்கும் போகேலாமல் பின்னுக்கும் வரேலாமல் ஏழு மாதம் கிடந்தவன். இது என்ன நாடக்கா, ஒண்டும் விளங்கேல்லையெண்டு எழுதினவன். நான்தான் கடையிலை இதை எடுத்துத் தபாலிலை போட்டனான்" என்றாள் மரியமலர். "எதிர்க்கரை பின்லாந்தெண்டும் இதிலைதான் இருக்கு. கடல் எப்ப உருகுமெண்டதைத்தான் நீங்கள் எழுதேல்லை அண்ணை. அவன் பங்குனியிலை நடந்தவன்."