கையில்லாத நாற்காலி

“இதுவும் ஆடுது,” என்றான் கணவன், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றபடி.

அவள் கண்களைத் திறந்தாள். உட்கார்ந்து முழுசாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

காலையிலிருந்து இது நான்காவது கடை. எத்தனையாவது நாற்காலி என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

அவள் கேட்டது ஒன்றும் சிம்மாசனம் இல்லை. கை வைக்காத சாதாரண நாற்காலி. சக்கரம் கூடாது, சுழலக் கூடாது, உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுக்கக் கூடாது. நுனியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, செல்லோவை முட்டிகளுக்கு நடுவே நிறுத்தி, தினமும் நான்கு மணி நேரம் வாசிக்க வேண்டும். வயலினைத் தீனி போட்டு ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்டதுபோல் இருக்கும் வாத்தியம் அது. அதை நின்றுகொண்டு வாசிக்க முடியாது, சாய்ந்துகொண்டும் வாசிக்க முடியாது.

இவ்வளவையும் விளக்கிச் சொன்னால், எல்லாம் கேட்டுவிட்டு சோபாவைக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது கடையில் ஒருவர், இதில் சாய்ந்தால் அஞ்சே நிமிஷத்தில் தூக்கம் வந்துவிடும் மேடம் என்று பெருமையாகச் சொன்னார். தூங்குவதற்கா இத்தனை தூரம் வந்தேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

பழைய நாற்காலி இருந்தவரை இந்தப் பாடே இல்லை. பன்னிரண்டு வருடம் அவளைத் தாங்கியது. போன வாரம் கணவன் அதன்மேல் ஏறிப் பல்பு மாற்றப்போக, கால் முறிந்தது. நாற்காலியின் கால்தான், அவனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. வீட்டில் ஏணி எதற்கு இருக்கிறது என்று அவள் கத்தினாள். அதற்குமேல் என்ன சொல்வது.

சாப்பாட்டு மேசை நாற்காலியில் மூன்று நாள் ஒப்பேற்றினாள். நான்காம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டு, வில்லைத் தூக்கவே விடவில்லை.

தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். பெரிய இசைக்குழு, ஒரே ஓர் இடம். கிடைத்தால் வருடத்தில் எட்டு மாதம் ஊர் ஊராகக் கச்சேரி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தே பாதி ஆயுள் போய்விட்டது அவளுக்கு. நாற்பது வயதுக்குமேல் எடுக்கமாட்டார்கள். வருகிற மாதம் அவளுக்கு நாற்பது முடிகிறது. இதை விட்டால் அப்புறம் இல்லை.

அலைவதில் மட்டும் கணவனைக் குறை சொல்ல முடியாது. லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாமனைப்போல ஒவ்வொரு நாற்காலியையும் சுற்றிச் சுற்றி வருகிறான். ஒன்று கிரீச்சிடுகிறதாம், வாசிக்கும்போது கேட்குமாம். ஒன்று அரை விரல் உயரமாம். ஒன்றின் மரம் ஆறே மாதத்தில் விரிசல் விடுமாம். மரத்தைப் பற்றி இவனுக்கு இத்தனை தெரியும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மத்தியானத்துக்குமேல் அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலிகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றனவோ, தேர்வை நினைத்து இந்தப் பாழாய்ப்போன உடம்புதான் சாக்குத் தேடுகிறதோ?

ஆனால் இந்த நாற்காலி அப்படியில்லை.

இது விற்பனைக்கு வைத்ததே இல்லை. மூலையில் கடைக்காரர் சாப்பிட உட்காரும் வெறும் மர நாற்காலி. கால் வலிக்கிறதே என்று அதில் போய் உட்கார்ந்தவள், அப்படியே நுனிக்கு நகர்ந்தாள். முட்டிகளை அகட்டினாள். இடது கையை இல்லாத தந்திகள்மேல் வைத்து, வலது கையால் இல்லாத வில்லை இழுத்தாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். மூன்று நாளாகப் படுத்திய இடுப்பு கம்மென்று இருந்தது. தேர்வில் வாசிக்க வேண்டியதன் முதல் வரி தானாக உள்ளே ஓட ஆரம்பித்தது. இதைக் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரரும் கல்லாவிலிருந்தே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் இவன் ஆடுகிறது என்கிறான்.

அவள் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தாள். ஆடத்தான் செய்தது. எரிச்சலில் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் தலையில் மட்டும் ஏன் இப்படி எழுதியிருக்கிறது?

சரி, எந்தக் கால் குட்டை என்றாவது பார்ப்போம், ஓர் அட்டையை மடித்துச் செருகினால் நின்றுவிடும் என்று, உட்கார்ந்த வாக்கில் பக்கவாட்டில் குனிந்தாள்.

எந்தக் காலும் குட்டையில்லை.

பின்னால் இடது காலுக்கு அடியில் அவனுடைய ஷூவின் நுனி இருந்தது.

குனிந்தபடியே சற்று நேரம் அதைப் பார்த்தாள். காலையிலிருந்து பட்ட கோபத்தையெல்லாம் நாற்காலிகள்மேல் கொட்டித் தீர்த்திருந்தாள்.

“காலை எடுங்க,” என்றாள், கடைக்காரருக்குக் கேட்காத குரலில்.

எடுத்தான். எட்டு மாதம் ரொம்ப நாள் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவளிடம் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை.

அவள் எழுந்து நாற்காலியைத் தூக்கினாள். நல்ல கனம். அவன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை.