பஞ்சு இழை

வாய்வழியே இரட்டை அளவு வெடிமருந்து கெட்டித்த புதுத் துப்பாக்கியை மரக்கட்டையில் வரிந்து கட்டி, மண்சுவருக்குப் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தார் மாசிலாமணி. வெடித்தது. குழல் பிளக்கவில்லை. சூடு ஆறுமுன் அதன்மேல் பஞ்சை உருட்டிப் பார்த்தார். விரிசல் இருந்தால் பஞ்சு மாட்டும். அடிப்பக்கத்தில், கன்னம் படும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரே ஓர் இழை மாட்டி நின்று காற்றில் ஆடியது.

"எண்ணெய்ப் பிசுக்கு அண்ணாச்சி. எங் குழலு மேல நம்பிக்கை இல்லையா?" என்றபடி, அதைச் செய்த அமலதாஸ் வேட்டி நுனியால் அந்த இடத்தைத் துடைத்தான்.

மாசிலாமணி மறுபடி உருட்டினார். மாட்டவில்லை. ஆனால் இரும்பு இதற்குள் ஆறியிருந்தது. ஆறினால் விரிசல் வாயை மூடிக்கொள்ளும் என்பது இருவருக்கும் தெரியும். மாட்டாத பஞ்சைக் காட்டி எப்படி மறுப்பது?

சோதித்துத் தேறியதென்று முத்திரை குத்துகிறவரே முதல் வெடியைத் தோளில் வைத்துச் சுடவேண்டும் என்பது அந்தத் துப்பாக்கிக் கொட்டகையின் வழக்கம். முத்திரையைக் குத்தினார். ஒற்றை மருந்து கெட்டித்தார். துப்பாக்கியைக் கன்னத்தோடு அணைத்தார்.

"தைரியமா சுடுங்க அண்ணாச்சி."

குரல் மண்சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது.