தானாக விழுந்தவர்கள்

பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது.

மஞ்சள் நிறத்தில், செல்போன் திரையில் நிமிர்ந்து நின்றது. எலும்பு டாக்டர் அனுப்பியது. கூட ஓர் எழுத்து இல்லை.

ஆவண அறையிலிருந்து அவள் கேட்டிருந்தது இதுதான்: மயிலாத்தாள், வயது நாற்பத்து மூன்று, மின்சார சைக்கிள் விபத்து. வண்டி தானாக ஓடியதா, இவர் தானாக விழுந்தாரா, சார்?

இதற்குக் கட்டைவிரல் எப்படிப் பதிலாகும்?

மயிலாத்தாளுக்கு வலது கையில் இப்போது கட்டைவிரல் இல்லை. ஆள்காட்டி விரலும் இல்லை. சக்கரக் கம்பிகளுக்குள் நசுங்கியதை வெட்டி எடுத்ததும் இதே டாக்டர்தான்.

கேள்வி கேட்டவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியின் ஆவண அறையில் அவளுக்குக் கோடிங் வேலை. காயத்துக்கு ஓர் எண். காயம் வந்த வழிக்கு ஓர் எண். டாக்டர் எழுதியதைப் பார்த்துத்தான் போட வேண்டும். நர்ஸ் எழுதியது செல்லாது. நோயாளி சொன்னது அதைவிடச் செல்லாது.

டாக்டர் எழுதியிருந்தது: செல்ஃப் ஃபால்.

தானாக விழுந்தார்.

எந்த ஃபைலைத் திறந்தாலும் இந்த மகராசன் அதைத்தான் எழுதுவார். குடித்துவிட்டு விழுந்தவன், சாக்கடைப் பள்ளத்தில் விழுந்தவள், மாடு முட்டி விழுந்தவர், எல்லோருமே தானாகத்தான் விழுந்தார்கள். கீபோர்டில் எஸ், எஃப் என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும், எண் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சுருக்கு வழியைக் கண்டுபிடித்தவளே அவள்தான். போன வருடம் மீட்டிங்கில் அதற்காகக் கை தட்டினார்கள்.

நர்ஸின் தாள் ஃபைலின் அடியில் கிடந்தது. ரோஜா நிறத் தாள். அவசரத்தில் இங்கிலீஷ் வரவில்லை போலும், காதில் விழுந்ததைத் தமிழிலேயே எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"வண்டிய நிறுத்திட்டு மூட்டைய எடுக்கக் குனிஞ்சேனுங்க. வண்டி தானா ஓடுச்சுங்க. எனக்கு முந்தி ஓட்டுனவளையும் இதே வண்டிதான் தள்ளிவுட்டுச்சு. கவனம் பத்தலைன்னு அவள நிறுத்திப்போட்டு எனக்குக் குடுத்தாங்க."

வண்டியின் மேல் இருந்த 'தானா' என்ற ஒரு சொல்லைத் தூக்கி, மயிலாத்தாளின் மேல் வைத்திருக்கிறார் டாக்டர். அவ்வளவுதான் அவர் செய்தது.

இனி மயிலாத்தாளுக்கும் கவனம் பத்தவில்லை என்று ஆகும். வேலை போகும். வண்டியைக் கழுவித் துடைத்து இன்னொருத்தியிடம் கொடுப்பார்கள்.

இந்த மாதத்தில் இது நான்காவது ஃபைல். நான்கும் ஒரே கம்பெனி. வீடு வீடாகக் காய்கறி கொண்டுபோகும் பெண்களுக்கு மின்சார சைக்கிள் கொடுக்கிற கம்பெனி.

முதல் மூன்றுக்கும் எஸ், எஃப் தட்டியது யார்?

அவளேதான். ரோஜா நிறத் தாள்களைப் புரட்டக்கூட இல்லை.

காலையில் கம்பெனி ஆள் ஆப்பிள் கூடையோடு வந்தான். கூடை வார்டுக்குப் போகவில்லை. இந்த அறையின் மேசைமேல் இருக்கிறது. பிரிவுத் தலைவர் சென்னியப்பன் அதில் ஒன்றைக் கடித்துக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மணி, அந்த நர்ஸ் பேப்பர மட்டும் உருவி வெச்சிருங்க. டீ குடிச்சுப்போட்டு வந்து வாங்கிக்கறேன்."

மீசையில் ஆப்பிள் சாறு. மென்று முடிக்காமலே பேசினார். துணுக்கு ஒன்று ஃபைலின் மேல் தெறித்தது. அதை அவர் விரலால் தேய்த்துவிட்டுப் போனார்.

ஈரம் அப்படியே இருந்தது. பார்க்கப் பார்க்க அருவருப்பாக வந்தது.

திரைப் பக்கம் திரும்பினாள். பழக்கத்தில் விரல்கள் எஸ், எஃப் தட்டிவிட்டன. எண் வந்து உட்கார்ந்தது.

தன் விரல்களைப் பார்த்தாள். பத்தும் இருந்தன.

சீ என்றிருந்தது.

எண்ணை அழித்தாள். மின்சார சைக்கிளுக்கென்று தனி எண் உண்டு. டாக்டர் எழுதாமல் அதைப் போட அவளுக்கு உரிமை இல்லை. உண்மையைச் சொன்னால், துணிச்சலும் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டாள்.

கவுன்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாள் வந்து நின்றாள். டிஸ்சார்ஜ் பேப்பர் வாங்க வந்திருந்தாள். வலது கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. முகத்தில் மஞ்சள் பூசியிருந்தாள், பாதி கன்னத்துக்குத்தான் எட்டியிருந்தது.

உள்ளே இருந்தவள் மயிலாத்தாளுக்கான கவரில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். எக்ஸ்ரே. மருந்துச் சீட்டு. டாக்டர் குறிப்பின் நகல்.

நடுவில் ரோஜா நிறத் தாள். நகல் அல்ல, அசல்.

"நீங்க சொன்னது இதுல அப்படியே இருக்குதுங்க்கா. ஆரு கேட்டாலும் குடுத்துப்போடாதீங்க."

மயிலாத்தாள் இடது கையை நீட்டினாள். பாதியில் கூசி நிறுத்திக்கொண்டாள்.

"தப்பா நெனைச்சுக்காத கண்ணு, எடது கையில வாங்கறேன்."

உள்ளே இருந்தவள் கவரை அந்தக் கையில் வைத்தாள்.

சென்னியப்பன் திரும்பி வந்தார். மேசையைப் பார்த்தார். ஃபைலை எடுத்து முன்னும் பின்னும் இரண்டு முறை புரட்டினார்.

"அந்தப் பேப்பர் எங்க அம்மணி?"

தெருப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மயிலாத்தாள் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏற நேரம் ஆனது. கண்டக்டர் பொறுத்து விசில் கொடுத்தான்.

பஸ் நகரும்வரை பார்த்துவிட்டு அவள் சென்னியப்பன் பக்கம் திரும்பினாள்.

"தெரியலீங் சார்" என்றாள். "தானா போயிருக்கும்."