பொருத்தம் பார்த்த சமன்பாடு

சோபாவில் மாப்பிள்ளையும் அவனுடைய பெற்றோரும், எதிரே பாயில் பெண் வீட்டார், மின்விசிறிக்கு நேர்கீழே கணக்கு டீச்சர் எஸ்தர். ஜாதகம் போய் வகைக்கெழுச் சமன்பாட்டில் பொருத்தம் பார்க்கும் காலம்.

டீச்சர் திரையில் வளைகோட்டைக் காட்டினார். "ரெண்டு பேருக்கும் சண்டை வருதுங்க, தானா தணியுது. ஆனா மாப்பிள்ளையோட அப்பா கூட இருந்தா ஏறிக்கிட்டே போகுது. மணிக்கு மூணு அறிவுரை சொல்றாராம்!"

"மூணுதானா? கணக்கு தப்பு டீச்சர்," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அவள் கணவர் தங்கமாரியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. மகனுக்கு இது ஏழாவது வரன். "எவ்வளவு தூரம் தள்ளி இருக்கணும்மா?"

"எழுபது கிலோமீட்டர்."

வீடு திரும்பியதும் இடமாற்றம் கேட்டு மேலாளருக்குக் கடிதம் எழுதினார். அடியில், அலுவலகத்தை எப்படி நடத்துவது என்று பத்து யோசனைகள். உறையை ஒட்டியபின் நினைவுக்கு வந்த பதினொன்றாவதை அதன் முதுகில் எழுதி, தபாலில் சேர்த்தார்.