இரண்டாவது ஆள்

அக்டோபர் 17. தப்பு என்னுடையதுதான். அம்மாவின் பிறந்தநாள் சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் நான்காம் நாள்; இந்த வருடம் அது நாளை வருகிறது. அதைக் கணினி நாள்காட்டியில் செப்டம்பர் நான்கு என்று பதிந்துவிட்டேன்.

இப்படிக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, நாரே கணினியைத் திறந்தாள். போன வருடம் அந்த நாளை அவள் மறந்தே போனாள். அம்மா தனியாக நூடுல்ஸ் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டாள். இனி எந்த நாளையும் மறக்காமல் குறித்துவைக்கத்தான் இந்த மாலைநேரக் கணினி வகுப்பில் அவள் சேர்ந்தாள்.

திரையில் விரிந்த நாள்காட்டியில், நாளைய கட்டத்தில் அவள் எழுதாத ஒரு குறிப்பு இருந்தது.

"அம்மா பிறந்தநாள். கடற்பாசி சூப்பில் மட்டி போடு. மாட்டிறைச்சி அவளுக்குப் பிடிக்காது, வாய் திறந்து சொல்லமாட்டாள்."

ஆசிரியை மேங் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, சேர்ந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள பாய் பிரெண்டுக்கு பாஸ்வேர்டு குடுத்தாச்சா? உன் நாள்காட்டிய ரெண்டு பேர் பாக்குறதா காட்டுதே."

"ஐயோ டீச்சர், நான் யாருக்கும் குடுக்கல. எதையாவது தப்பா அழுத்திட்டேன் போல."

"அந்த ரெண்டாவது ஆளுக்குப் பேர் எதுவும் இல்லியே. நீக்கிடவா?"

அந்த வீட்டில் பிறந்தநாளுக்கென்று வைக்கும் கடற்பாசி சூப்பில் மட்டிச் சிப்பி போட்டவர் அப்பா மட்டும்தான். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது.

"வேண்டாம் டீச்சர். இருக்கட்டும்."

நாரே குறிப்பின் கீழே "ரொம்ப நன்றிப்பா" என்று தட்டினாள். பக்கத்திலேயே "படித்தாயிற்று" என்று வந்தது.

சந்தை மூடுவதற்குள் போய்விடலாம் என்று பையை எடுத்துக்கொண்டாள். கிளம்புமுன் குறிப்பேட்டில் ஒரு வரி சேர்த்தாள்.

நாளை காலை ஆறு மணி: அம்மாவுக்கு மட்டி சூப்.