பூ நாள்

மான், பூ, சாவு என்று பெயரோடு சுழன்று வரும் நாட்களில், பிறந்த நாளின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது நாவாட்ல் மொழி பேசும் அந்த ஊரின் வழக்கம். மான் நாளில் பிறந்தவன் மசாட்ல்; அந்தப் பெயருக்கு மான் என்றே பொருள். அவன் மகள் பிறந்ததோ சாவு நாளில்.

"பூ நாள் வர்ற வரைக்கும் பேர் வைக்காம தள்ளுவோம். அன்னைக்குத் தண்ணி ஊத்திப் பூன்னே கூப்பிட்டுடலாம்" என்றாள் மருத்துவச்சி.

மசாட்லுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பால் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி ஷோச்சிட்ல் நிமிராமலே சொன்னாள்: "பயப்படாதீங்க. என் பேரும் பூதானே? நானும் சாவு நாள்ல பொறந்தவதான்."

அவள் தோளில் கிடந்த அவன் கை தானாக விலகியது.

பூ நாள் விடிந்தது. தண்ணீர்ப் பானையின் முன்னால் பிள்ளையை ஏந்தி நின்ற மருத்துவச்சி, "பொண்டாட்டி உள்ள இருக்கா, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுப்பா" என்றாள்.

மசாட்ல் வாயைத் திறந்தான். நாக்கு நுனிவரை வந்த பெயர் பூ அல்ல.